முப்பத்தெட்டுக் கருவிகளும் ஒரு ஜோடிச் சலங்கையும்

ஆம்பூரில் ஒரு குரு இருந்தார். வயது முப்பத்தொன்று. பெயர் ஜெசிந்தா. வாரத்தில் ஐந்தரை நாள் ஷூ கம்பெனியில் மாதிரி ஷூ தைப்பார். ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும், பொழுதுபோக்காகத் தோல்வேலை பழக ஆசைப்படுகிறவர்களுக்குத் தன் வீட்டு மாடியில் சொல்லிக்கொடுப்பார்.

அவருக்கு ஒரு சீடர். வயது அறுபத்து மூன்று. பெயர் தணிகாசலம். ரயில்வே பணிமனையில் முப்பத்தாறு வருடம் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் கைபட்ட இரும்பு ஒரு நூல்கூடத் தப்பாது என்று பெயர் வாங்கியவர். அந்தப் பெயரைத் தானே நாலு பேரிடம் சொல்லிக்கொள்ளவும் செய்வார்.

முதல் வகுப்பில் சீடர் கேட்டார்.

"டீச்சர், என்னென்ன கருவி வாங்கணும்? லிஸ்ட் குடுத்தா இன்னிக்கே வாங்கிடறேன்."

ஜெசிந்தா தன் கருவிகளைப் பாயில் பரப்பினார். மொத்தம் ஏழு. சைக்கிள் கம்பியைத் தீட்டிச் செய்த குத்தூசி ஒன்று. உடைந்த ரம்பத் தகட்டில் செய்த கத்தி ஒன்று. தையலுக்குச் சமமான இடைவெளியில் புள்ளி வைக்க, பல் வளைத்த முள்கரண்டி ஒன்று. தோலின் ஓரத்தைத் தேய்த்து வழவழப்பாக்க ஒரு புளியங்கட்டை. மற்றதும் இந்த லட்சணம்தான்.

"எதையும் வாங்க வேணாம் ஐயா. வேலை நடக்கும்போது தோலே கேக்கும். அப்ப நாமளே செஞ்சுக்கலாம்."

தணிகாசலத்தின் காதில் கடைசி வார்த்தை மட்டும்தான் விழுந்தது.

அன்று மாலையே வீட்டு மாடிப்படிக்குக் கீழே, இரும்பைக் கவ்விப் பிடிக்கிற வைஸை மாட்டினார். அரம், உப்புத்தாள், எண்ணெய்க்கல் எல்லாம் அட்டைப்பெட்டியிலிருந்து வெளியே வந்தன. ஓய்வு பெற்ற பிறகு செய்தித்தாளை மூன்று முறை படித்துக்கொண்டிருந்த மனிதர் காலை ஏழு மணிக்கெல்லாம் காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு படிக்கட்டுக்கு அடியில் புகுந்தார். அவரைப் பார்க்கவே சந்தோஷமாக இருந்தது. அவருக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

குத்தூசியில் மட்டும் ஐந்து செய்தார். ஒவ்வொன்றுக்கும் தேக்கில் கைப்பிடி. முகம் பார்த்துத் தலை வாரலாம், அப்படி ஒரு பளபளப்பு. எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு மரப்பெட்டி. பெட்டிக்குள் பச்சை வெல்வெட். வெல்வெட்டில் ஒவ்வொரு கருவிக்கும் அதன் உருவத்திலேயே ஒரு பள்ளம்.

ஏழு மாதத்தில் முப்பத்திரண்டு கருவிகள் ஆயின. தோலில் செய்தது என்று பார்த்தால் ஒரு சாவிக்கொத்து வார்கூட இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சீடர் பெட்டியைத் திறந்து குருவின் முன்னால் வைத்தார்.

"டீச்சர், நீங்களே சொல்லுங்க. இதுல என்ன குறை?"

ஜெசிந்தா ஒவ்வொன்றாகப் பார்த்தார். முப்பத்தொன்றாவது கருவியை எடுத்தார். அது தோலின் ஓரத்தைச் சீவுகிற கத்தி. அதற்காகத் தணிகாசலம் மூன்று வாரம் உழைத்திருந்தார். ஜெசிந்தா கூடையிலிருந்து ஒரு கொய்யாப்பழத்தை எடுத்து, அந்தக் கத்தியால் நாலாக நறுக்கி, உப்பும் மிளகாய்த்தூளும் தூவி எல்லோருக்கும் கொடுத்தார்.

"குறையே இல்ல ஐயா. சூப்பரா வெட்டுது."

தணிகாசலம் கொய்யாவை வாங்கிக்கொண்டார். சாப்பிடவும் செய்தார். ஆனால் அடுத்த இரண்டு ஞாயிறு வகுப்புக்கு வரவில்லை. உப்பு துருப் பிடிக்கவைக்கும் என்று வீட்டில் அந்தக் கத்தியை மூன்று முறை கழுவித் துடைத்ததாகக் கேள்வி.

அவர் மனைவி பெயர் சுலோச்சனா. வயது ஐம்பத்தெட்டு. அரசுப் பள்ளி அலுவலகத்தில் கிளார்க்காக இருந்தவர். பன்னிரண்டு வயதில் பரதநாட்டியம் கற்க ஆசைப்பட்டார். அப்பா கூடாது என்றார். முப்பது வயதில், பக்கத்துத் தெருவுக்கு ஒரு நாட்டிய ஆசிரியை குடிவந்தபோது, கணவரிடம் கேட்டார்.

"ரெண்டு புள்ள பெத்தாச்சு. இனிமே என்ன ஆட்டம்?" என்று தணிகாசலம் சிரித்தார். சுலோச்சனாவும் கூடவே சிரித்துவிட்டார். பேச்சு அதோடு முடிந்தது. கணவர் அன்றைக்கே மறந்துபோனார். மனைவி மறக்கவில்லை.

விருப்ப ஓய்வு பெற்ற மறுமாதம் சுலோச்சனா யாரையும் கேட்காமல் நாட்டிய வகுப்பில் சேர்ந்தார். இப்போது இரண்டு வருடம் ஆகிறது. அந்த மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை அவருக்குச் சலங்கை பூஜை. பள்ளிக்கூட மண்டபத்தில், பத்துப் பன்னிரண்டு வயதுப் பெண் பிள்ளைகளோடு சேர்ந்து, முதல் தடவையாகக் காலில் சலங்கை கட்டி ஆடப் போகிறார்.

அதில் ஒரு சிக்கல் வந்தது. அவருடைய இடது கணுக்காலில் எலும்பு கொஞ்சம் புடைத்திருக்கும். எந்தக் காலத்திலோ விழுந்து அடிபட்ட கால். கடையில் வாங்கிய சலங்கையின் தோல்பட்டை அந்த மேட்டில் உட்காராமல் உரசியது. பத்து நிமிஷம் ஆடினால் கால் தோல் கன்றிப்போகும்.

"துணி சுத்திக் கட்டிக்கறேன். பரவாயில்ல" என்றார் சுலோச்சனா.

தணிகாசலம் செய்தித்தாளிலிருந்து தலையை நிமிர்த்தினார்.

"துணி எதுக்கு? உன் காலுக்குன்னே ஒரு ஜோடி நான் செஞ்சு தரேன்."

சுலோச்சனா அவரையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"நிஜமாவா?"

"நிஜமா."

அந்தப் பார்வை தணிகாசலத்துக்குள் எங்கோ போய்ப் பழைய சிரிப்பைத் தட்டி எழுப்பிவிட்டது. இந்தச் சொல்லைக் காப்பாற்றாவிட்டால் அவளைப் பார்த்து இரண்டாவது தடவை சிரித்த மாதிரி ஆகிவிடும். 

நாலு வாரம் இருந்தது. பயந்துபோன மனிதர் தனக்குத் தெரிந்ததைத்தானே செய்வார்? முதல் மூன்று வாரமும் சலங்கைக்கென்று புதிதாகக் கருவி செய்தார். ஈரத்தோலை மேடு பள்ளத்தில் படியவைக்க ஒரு அழுத்துக்கம்பி. ஓட்டை போட மூன்று அளவில் மூன்று குழாய்கள். தோலைப் பிடித்துவைக்க இரண்டு பெரிய கிளிப்புகள். எல்லாம் நல்ல இரும்பு. பெட்டியில் கணக்கு முப்பத்தெட்டு ஆனது.

கடைசி வாரத்தில்தான் தோலில் கை வைத்தார். மனைவியின் கணுக்காலை வெர்னியர் காலிப்பரால் அளந்து, அதே அளவில் மரத்தில் ஒரு கால் செதுக்கினார். கடுக்காயும் ஆவாரம்பட்டையும் போட்டுப் பதப்படுத்திய தோல், தேன் நிறம். அதில் பட்டைகள் வெட்டி, நூற்றிருபது ஓட்டை போட்டார். இதற்கே நாலு நாள் போனது. வெள்ளிக்கிழமை மாலை தோலை நனைத்து, மரக்காலில் சுற்றி, அழுத்துக்கம்பியால் அழுத்தி, கிளிப்பு போட்டு நிறுத்தினார். நனைத்த தோல் காய்ந்தால் அந்த உருவத்திலேயே நின்றுவிடும்.

சனிக்கிழமை காலையில் கிளிப்பைக் கழற்றினார். உருவம் அச்சு அசலாக இருந்தது. ஆனால் இரும்பு பட்ட இடமெல்லாம் கறுப்பு. கிளிப்பின் வாய் கறுப்பாக, கம்பியின் கோடு கறுப்பாக, ஒவ்வொரு ஓட்டையைச் சுற்றியும் குழாயின் இரும்புத்துகள் ஒட்டிய ஒரு கறுப்பு வளையம். சோப்பு போட்டார். எலுமிச்சை தேய்த்தார். மண்ணெண்ணெய்கூடத் தொட்டுப் பார்த்தார். கறை கொஞ்சம் மங்கியதே தவிரப் போகவில்லை.

மறுநாள் மாலை ஆறு மணிக்குச் சலங்கை பூஜை. புதுத்தோலில் முதலிலிருந்து தொடங்க நேரமில்லை.

ஜெசிந்தாவுக்குச் சனிக்கிழமை மதியம் வரை வேலை. தணிகாசலம் பத்து மணியிலிருந்தே அவர் வீட்டு மாடிப்படியில் பெட்டி, பட்டை, மரக்காலோடு உட்கார்ந்திருந்தார். ஒன்றரை மணிக்குக் குரு வந்தார்.

"டீச்சர், இந்த முப்பத்தெட்டுல எது தப்பு பண்ணிச்சு? காட்டுங்க. இப்பவே தூக்கிப் போட்டுடறேன்."

 ஜெசிந்தா பட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பார்க்கப் பார்க்க அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"தப்பே இல்ல ஐயா. கடுக்காய் போட்ட தோலு, தண்ணி, இரும்பு. மூணும் சேந்தா மை. அந்தக் காலத்துல எழுதறதுக்கே இப்படித்தான் மை காய்ச்சுவாங்க."

"இத ஏன் முன்னாடியே சொல்லல?"

"எட்டு மாசமா நீங்க தோலை நனைக்கவே இல்லையே ஐயா. நான் எதுல சொல்றது?"



ஜெசிந்தா மரக்காலைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"எப்ப அளந்தீங்க?"

"காலைல எழுந்ததும். வெர்னியர்ல. பத்துல ஒரு பங்கு மில்லிமீட்டர்கூடத் தப்பாது."

"ஆடறது எப்போ?"

"சாயங்காலம் ஆறு மணிக்கு."

"சாயங்காலம் அம்மாவுக்குக் கால் வீங்குமா?"

தணிகாசலம் யோசித்தார். ஒரே வீட்டில் முப்பத்தைந்து வருடம். அவருக்குத் தெரியவில்லை.

"அம்மாவைக் கூட்டினு வாங்க" என்றார் ஜெசிந்தா. "பெட்டி இங்கேயே இருக்கட்டும்."

சுலோச்சனா வந்தார். பட்டையை வாங்கிப் பார்த்தார். தணிகாசலம் தரையைப் பார்த்தபடி நின்றார்.

"என்னங்க இது, சிறுத்தைக்கு எடுத்த அளவா?" என்று சுலோச்சனா வாய்விட்டுச் சிரித்தார். ஜெசிந்தாவும் சிரித்தார். வேறு வழியில்லாமல் தணிகாசலமும் சிரித்தார். சிரித்த பிறகு மூச்சு கொஞ்சம் லேசாக வந்தது.

ஜெசிந்தா அலமாரியிலிருந்து ஒரு ஊறுகாய்ப் பாட்டிலை எடுத்தார். உள்ளே வினிகரில் துருப்பிடித்த ஆணிகள் பல மாதமாக ஊறிக்கொண்டிருந்தன. ஒரு துணியை நனைத்துச் சீடரிடம் நீட்டினார்.

"பூசுங்க."

"டீச்சர், இதுவும் இரும்புதானே?"

"இரும்பேதான். ஒரு இடம் விடாம பூசுங்க."

தணிகாசலம் துணியைத் தோலில் வைத்து இழுத்தார். தேன் நிறம் கண் முன்னாலேயே சாம்பலாகி, நீலமாகி, நல்ல கறுப்பாகியது. இன்னொரு இழுப்பு. அதுவும் கறுத்தது. கிளிப்பின் வாய், கம்பிக் கோடு, ஓட்டை வளையம் எல்லாம் எங்கே என்று தேட வேண்டியதாயிற்று.

"ஐயோ, எவ்ளோ அழகு!" என்றார் சுலோச்சனா. "என்கிட்ட குடுங்க, நானும் பூசறேன்."

கணவனும் மனைவியும் ஆளுக்கொரு பட்டையாகப் பூசினார்கள். வினிகரின் புளிப்பு போக, சோடா உப்புக் கரைத்த தண்ணீரில் அலசினார்கள். பிறகு ஜெசிந்தா சுலோச்சனாவை நாற்காலியில் உட்காரவைத்து, ஈரப்பட்டையைச் சீடரின் கையில் கொடுத்தார். மரக்காலை எடுத்து ஜன்னல் கதவு அடிக்காமல் இருக்க முட்டுக்கொடுத்தார்.

தணிகாசலம் தரையில் உட்கார்ந்து மனைவியின் இடது காலை மடியில் தூக்கி வைத்துக்கொண்டார்.

"என்னங்க, ஊரே பாக்கப் போகுது."

"பாக்கட்டும்."

பட்டையைச் சுற்றினார். கட்டைவிரலால் அழுத்தினார். எலும்பு மேட்டுக்குக் கீழே ஒரு பள்ளம் இருந்தது. விரல் அதற்குள் இறங்கவில்லை. பழக்கதோஷத்தில் கை பெட்டியைத் தேடிப் போனது. பாதி வழியில் நின்றது.

"டீச்சர், விரல் போதல. இந்தப் பள்ளத்துல படியவைக்க ஒண்ணு வேணும். இரும்பு ஆகாது. மழுங்கலா இருக்கணும். சுண்டுவிரலைவிடக் கொஞ்சம் சன்னமா."

"தோலு கேட்டிடுச்சா?" என்றார் ஜெசிந்தா.

தணிகாசலம் அவரை நிமிர்ந்து பார்த்தார். பிறகு எழுந்து ஜெசிந்தாவின் சமையலறைக்குப் போனார். தலை உடைந்துபோன ஒரு மரக்கரண்டியின் காம்பு கிடைத்தது. ஜெசிந்தாவின் ரம்பத் தகட்டுக் கத்தியால் அதைச் சீவினார். மாடிப்படிக் கல்லில் தேய்த்தார். பத்தே நிமிஷம். ஒரு பக்கம் சாம்பார்க் கறை அப்படியே இருந்தது. அவர் வாழ்நாளில் செய்த கருவிகளிலேயே படு அவலட்சணமானது அதுதான்.

அது பள்ளத்தில் சரியாகப் போய் உட்கார்ந்தது.

"வலிக்குதா?"

"இல்ல. கூச்சமா இருக்கு."

"இங்க?"

"அதான் அந்த எலும்பு. பாத்து."

"இது எப்ப விழுந்த அடி?"

"சின்னவன் ஒண்ணாவது படிக்கறப்ப. பஸ்ல இருந்து இறங்கும்போது. நீங்க டூட்டில இருந்தீங்க. அப்புறம் சொன்னேன்."

தணிகாசலம் தலையை ஆட்டினார். கொஞ்சம் மெதுவாக அழுத்தினார்.

  மேட்டைச் சுற்றி, கீழே, பின் நரம்பின் ஓரமாகக் கரண்டிக்காம்பை ஓட்டிக்கொண்டே இருந்தார். சுலோச்சனா கூச்சம் தாங்காமல் நெளிந்தார். "ஆடாத" என்று அவர் அதட்டினார். "ஆடறதுக்குத்தானே செய்யறீங்க" என்றார் சுலோச்சனா. ஜெசிந்தா டேபிள் ஃபேனைக் கொண்டுவந்து காலடியில் வைத்தார். வலது காலும் ஆயிற்று. தோல் காயும்வரை சுலோச்சனா நாற்காலியைவிட்டு எழக்கூடாது என்று உத்தரவு. அவரோ உட்கார்ந்தபடியே கையால் ஜதி பிடித்து முழு நடனத்தையும் ஒத்திகை பார்த்துவிட்டார்.

சாயங்காலம் கால் லேசாக வீங்கத்தான் செய்தது. பட்டை வீக்கத்தோடு சேர்ந்தே காய்ந்தது.

ஞாயிறு காலை ஜெசிந்தா வீட்டு மாடியின் ஒரு மூலையில் மூன்று பேருமாக உட்கார்ந்து நூற்றிருபது மணிகளைக் கோத்தார்கள். பட்டைக்குள்ளே பருத்தித்துணி வைத்துத் தைத்தார்கள். தைக்கும்போது தணிகாசலத்துக்குத் தன் பெட்டியிலிருந்து ஒரு குத்தூசி தேவைப்பட்டது. ஐந்தில் ஒன்றை எடுத்தார். முதல் தடவையாக அது வேலை செய்தது. எண்ணெய் பூசி முடித்தபோது மணி நாலு.

மண்டபத்தில் பதினோரு ஜோடிச் சிவப்புச் சலங்கைகளுக்கு நடுவில் ஒரு ஜோடி கறுப்புச் சலங்கை. சுலோச்சனா ஆடினார். இரண்டாவது பாட்டில் ஒரு அடி தப்பிப்போனது. நாக்கைக் கடித்துக்கொண்டு சிரித்தார், அடுத்த தாளத்தில் பிடித்துக்கொண்டார். கூட்டமும் சிரித்துக் கை தட்டியது. அரைமணி நேரம் ஆடியும் இடது காலை ஒரு தடவைகூடக் குனிந்து தொடவில்லை. தணிகாசலம் அந்தக் காலை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. துடைக்கத் தோன்றவில்லை.

ஆடி முடித்ததும் ஒரு சின்னப் பெண் ஓடிவந்தாள்.

"ஆன்ட்டி, எனக்கும் இந்த மாதிரி கறுப்புச் சலங்கை வேணும். எங்க கிடைக்கும்?"

"அதோ அந்த அங்கிள்கிட்ட சொல்லி வை" என்றார் சுலோச்சனா. "எட்டு மாசத்துல கிடைச்சிடும்."

வீடு திரும்பும்போதும் அவர் சலங்கையைக் கழற்றவில்லை. பஸ்ஸில் ஏறும்போது ஜல் என்றது. இறங்கும்போதும் ஜல் என்றது. தெருவில் பார்த்தவர்களுக்கெல்லாம் தணிகாசலமே முந்திக்கொண்டு, "நான் செஞ்சது" என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் எல்லோருக்கும் முன்னால் வகுப்புக்கு வந்துவிட்டார். கையில் ஒரு புது நோட்டு. நோட்டு நிறையப் படங்கள். மரத்தில், மூங்கிலில், கொட்டாங்கச்சியில் என்று இரும்பே இல்லாத கருவிகள். அளவெல்லாம் குறித்திருந்தார். முகத்தில் புதுமாப்பிள்ளைக் களை.

"டீச்சர், இப்பப் புரிஞ்சுடுச்சு. சொல்லுங்க, அடுத்து இதுல எதைச் செய்யட்டும்?"

ஜெசிந்தா நூலுக்கு மெழுகு தேய்த்துக்கொண்டே கேட்டார்.

"அம்மாவுக்கு அடுத்து இன்னா ஆசையாம்?"

தணிகாசலம் நோட்டை மூடினார்.

"அது... நான் விசாரிக்கல."

"அப்ப கருவிக்கு இன்னா அவசரம்? கிளம்புங்க ஐயா. அவங்க டான்ஸ் கிளாஸுக்குப் போறதுக்குள்ள வீட்டுக்குப் போய்ச் சேருங்க."